எழுதி வைத்துக் காத்த சமரசம்

ராஜகுளம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் என்றால் முகூர்த்தப் பட்டு, வைகாசி கருட சேவை, பங்குனி உத்திரம். ஊரை இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். ஏகாம்பரநாதர் இருக்கும் பக்கம் பெரிய காஞ்சிபுரம், வரதராஜர் இருக்கும் பக்கம் சின்ன காஞ்சிபுரம். ஏடுகளில் இவை சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி. வேகவதி ஆற்றைத் தாண்டினால் திருப்பருத்திக்குன்றம் வரும். அது ஜினகாஞ்சி, சமணர்களின் காஞ்சி. நான்காவதாக ஒரு பௌத்த காஞ்சியும் இருந்தது. அதற்கு இன்று தெருவும் இல்லை, பேட்டையும் இல்லை. கோயில் பிராகாரங்களிலும் தோட்டங்களிலும் கண்மூடி அமர்ந்திருக்கும் சில கற்சிலைகள் மட்டுமே மிச்சம்.

இத்தனை சமயங்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஊரில் எப்படி வாழ்ந்தன? நம் முன்னோர் பெருந்தன்மை மிக்கவர்கள் என்று மேடைகளில் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். காஞ்சியில் வாதமும் நடந்தது, வசையும் நடந்தது, வழக்கும் நடந்தது. அவற்றுக்கு நடுவிலும் நிலத்தை அளந்து கொடுத்தார்கள், வரியைக் கழித்தார்கள், யாருக்கு எவ்வளவு என்று செம்பிலும் கல்லிலும் எழுதி வைத்தார்கள். இந்தப் பக்கத்துச் சமய ஒற்றுமையின் உண்மையான வரலாறு அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

திருத்துறைப்பூண்டிக்கு அருகே பள்ளன்கோயிலில் கிடைத்த செப்பேட்டிலிருந்து தொடங்கலாம். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் சிம்மவர்மன், தன் ஆறாவது ஆட்சியாண்டில், பருத்திக்குன்றைச் சேர்ந்த வஜ்ரநந்தி என்ற சமண முனிவருக்கு ஒரு கிராமத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமணப் பள்ளிக்குரிய கொடையாக, கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. பல்லவர் செப்பேடுகளில் தமிழ்ப் பகுதியோடு கிடைத்த மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அந்தச் சிம்மவர்மனின் மகன் சிம்மவிஷ்ணு திருமாலைப் போற்றியவன். பேரன் முதலாம் மகேந்திரவர்மன் முதலில் சமணனாக இருந்து, பிறகு திருநாவுக்கரசரால் சைவனானான் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. ஒரே அரண்மனையில் மூன்று தலைமுறை, மூன்று சமயச் சார்பு.

மகேந்திரன் இன்னொரு வகையிலும் முக்கியமானவன். அவன் சமஸ்கிருதத்தில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகம் முழுக்கக் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. காபாலிகன் என்ற வகைச் சைவத் துறவி ஒருவன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிடுகிறான். அதைத் திருடியவர் அந்த வழியே வந்த பௌத்தத் துறவிதான் என்று சண்டைக்குப் போகிறான். இன்னொரு சைவப் பிரிவைச் சேர்ந்த பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் ஓட்டை எடுத்துப்போனது ஒரு நாய் என்று தெரியவருகிறது. ஆட்சியில் இருக்கும் அரசனே சமயத்தார் அத்தனை பேரையும் மேடையேற்றிச் சிரிக்க வைக்கிறான் என்றால், பார்க்க வந்த கூட்டத்திலும் அத்தனை சமயத்தாரும் இருந்திருக்க வேண்டும். அதே மகேந்திரன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் குடைந்த குகைக் கோயிலைப் பிரமன், சிவன், திருமால் மூவருக்குமாக எடுத்ததாகக் கல்வெட்டில் பதிந்திருக்கிறான்.

அவன் மகன் நரசிம்மவர்மன் காலத்தில், கி.பி. 640 வாக்கில், சீனத்துத் துறவி யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தார். நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்கள் எனும் பௌத்த மடங்கள், பதினாயிரம் பிக்குகள், எண்பது தேவ கோயில்கள், ஏராளமான நிர்க்கிரந்தர், அதாவது சமணர் என்று அவர் குறிப்பு சொல்கிறது. எண்ணிக்கையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு பயணியின் கண்ணுக்கு இந்த மூன்று கூட்டமும் ஒருசேரத் தெரிந்தன என்பது போதுமான சாட்சி. நாலந்தாவின் தலைவராக விளங்கிய தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். மணிமேகலைக் காப்பியத்தின் நாயகியும் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டறிந்த பிறகு, அறவண அடிகளிடம் அறம் கேட்க வந்து சேர்வது இந்த ஊருக்குத்தான்.

மோதல்களை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மை ஆகாது. தேவாரத்தில் சமணரையும் பௌத்தரையும் கடிந்து பாடிய பதிகங்கள் பல. நாவுக்கரசருக்குச் சமணர் தூண்டுதலால் நேர்ந்த கொடுமைகளைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. மதுரையில் சமணர் கழுவேறிய கதை இன்றும் கோயில் சுவர்களில் ஓவியமாக இருக்கிறது. அவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலப் புனைவு என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பகை இருந்தது என்பதில் மட்டும் ஐயம் இல்லை. அந்தப் பகை கொழுந்துவிட்ட நூற்றாண்டுகளுக்குப் பிறகும் பருத்திக்குன்றத்துச் சமணப் பள்ளிக்கு நிலம் வந்துகொண்டே இருந்தது என்பதும் அதே அளவுக்கு உண்மை. தீவிர சைவரான சோழர்கள் காலத்தில், முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் பெயர்களில் அங்கே கல்வெட்டுகள் உண்டு. சுற்றுவட்டாரத்து ஊர்ச் சபைகளே சமண முனிவர் கூட்டத்துக்கு நிலம் விற்றுக் கொடுத்த செய்திகள் அவை.

சோழர் நிலக் கணக்கே அப்படி அமைந்திருந்தது. கோயிலுக்கு விட்ட நிலம் தேவதானம், பிராமணருக்கு விட்டது பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்கு விட்டது பள்ளிச்சந்தம். தஞ்சையில் பெரிய கோயில் எழுப்பிய அதே ராஜராஜன், ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே பள்ளிச்சந்தமாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடு இப்போது ஆனைமங்கலச் செப்பேடு என்றும் லெய்டன் செப்பேடு என்றும் அறியப்படுகிறது. அரசன் மனத்தில் இரக்கம் இருந்ததா, கடல் வணிகக் கணக்கு இருந்ததா என்று கேட்கலாம். இரண்டும் இருந்திருக்கும். விகாரத்தில் விளக்கு எரிந்தது.

உத்திரமேரூரைச் சொல்லாமல் இந்தப் பகுதியின் கதை நிறைவு பெறாது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட, குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்லும் கல்வெட்டுகளை நாடே அறியும். முப்பது குடும்புகள் எனும் ஊர்ப் பிரிவுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், முப்பத்தைந்து முதல் எழுபது வயது வரம்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. அந்தச் சபையில் இடம் பெறச் சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் வேண்டும். ஆகவே அதை எல்லாருக்குமான சபை என்று புகழ்வது மிகை. ஆனாலும் அந்தச் சபையின் கல்வெட்டுகளைப் புரட்டினால், திருமாலுக்கும் சிவனுக்கும் மட்டுமின்றி துர்க்கைக்கும், இன்று வீட்டில் பெயர் சொல்லவே தயங்கும் சேட்டை தேவியான மூதேவிக்கும் கூட வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்த செய்திகள் கிடைக்கின்றன. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிக்கு வரும் வழிப் பக்கத்தில் ஆர்ப்பாக்கம் இருக்கிறது. அங்கே சிவன் கோயிலும், ஆதிநாதர் சமணக் கோயிலும், பழைய புத்தர் சிலைகளும் உண்டு. நான்கு காஞ்சிகளைச் சுற்றி வர நேரம் இல்லாதவர்கள் ஆர்ப்பாக்கத்தில் இறங்கினாலே போதும்.

திருப்பருத்திக்குன்றத்துக்குச் சற்று நின்று போக வேண்டும். திரைலோக்கியநாதர் கோயில் என்று வழங்கும் வர்த்தமானர் கோயிலில், கருவறைக்கு முன்னால் ஒரு சங்கீத மண்டபம் இருக்கிறது. விஜயநகரப் பேரரசின் தளபதியும் அமைச்சருமான இருகப்பர் 1387-88-இல், தன் குரு புஷ்பசேனரின் சொற்படி கட்டியது. இருகப்பர் சமணர். அவர் பணி செய்த அரசர்களோ விருபாட்சரைக் குலதெய்வமாகக் கொண்டவர்கள். தலைநகரான விஜயநகரத்திலும் இருகப்பர் ஒரு ஜினாலயம் எழுப்பினார்.

மண்டபத்தில் அண்ணாந்து பார்க்க வேண்டும். விதானம் முழுக்க வண்ண ஓவியங்கள். ரிஷபதேவர், நேமிநாதர், மகாவீரர் ஆகியோரின் வாழ்க்கை பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டு, படத்துக்குக் கீழே தமிழில் விளக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. நேமிநாதர் வரிசையைக் கவனித்தால் கண்ணன் வருகிறான். சமண மரபில் நேமிநாதரும் கண்ணனும் பங்காளிப் பிள்ளைகள். அதனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெருமாள் பக்தருக்குத் தெரிந்த கண்ணனின் பிள்ளைப் பிராயக் கதைகள் சமணக் கோயில் கூரையிலும் இருக்கின்றன. சாயம் உதிர்ந்தும் மங்கியும் போன இடங்கள் பல. 1934-இல் டி. என். ராமச்சந்திரன் இந்தக் கோயிலைப் பற்றி எழுதிய ஆங்கில நூலில் அவற்றை விரிவாகப் பதிவு செய்துவைத்தது பெரிய உபகாரம். பிராகாரத்தில் ஒரு மேடை மேல் பழைய குரா மரம் நிற்கிறது. நாடு நலமாக இருப்பதை அந்த மரம் காட்டும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

இருகப்பர் மண்டபம் கட்டுவதற்கு இருபது ஆண்டு முன்னால் நடந்த ஒரு சம்பவம்தான் இந்தக் கட்டுரையின் நடுநாயகம். 1368-இல் விஜயநகர அரசன் முதலாம் புக்கரிடம் சமணர்கள் முறையிட்டார்கள். வைணவர்கள் தங்களுக்கு அநியாயம் செய்கிறார்கள் என்பது புகார். புக்கர் பெரிய சபையைக் கூட்டினார். திருவரங்கம், திருமலை, பெருமாள் கோயில், மேல்கோட்டை ஆகிய தலங்களின் ஆசாரியர்களும் அதில் உண்டு. பெருமாள் கோயில் என்று அங்கே சொல்லப்படுவது நம் காஞ்சி வரதராஜர் சந்நிதிதான். எல்லார் முன்னிலையிலும் அரசன் சமணர்களின் கையைப் பிடித்து வைணவர்களின் கையில் வைத்தான். வைணவ தரிசனத்துக்கும் சமண தரிசனத்துக்கும் பேதம் இல்லை என்று அறிவித்தான். சமணருக்கு வரும் நன்மையும் தீமையும் தங்களுக்கு வந்ததாகவே வைணவர் கொள்ள வேண்டும். பஞ்ச மகா வாத்தியமும் கலசமும் சமணருக்கு முன்போலவே உண்டு. இவையெல்லாம் கர்நாடகத்துச் சமணத் தலமான சிரவணபெளகுளத்தில் கல்லில் வெட்டப்பட்டன.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல பேச்சாக மட்டும் போயிருக்கும். தொடர்ந்து கணக்கு வருகிறது. நாட்டிலுள்ள சமணர் வீடுகளிலிருந்து ஆண்டுக்கு வீட்டுக்கு ஒரு பணம் வசூலிக்க வேண்டும். திருமலையைச் சேர்ந்த தாத்தையா என்பவர் அந்தப் பணத்தில் சிரவணபெளகுளத்து இறைவனுக்கு இருபது காவலர்களை நியமிக்க வேண்டும். மிச்சப் பணத்தில் பழுதான ஜினாலயங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தங்கள் பாதுகாப்புக்குத் தாங்களே பணம் கட்ட வேண்டியிருந்தது என்பது சமணருக்குக் குறைதான். இன்றைய கண்ணால் பார்த்தால் அது சமத்துவம் ஆகாது. ஆனால் எத்தனை காவலர், யார் பொறுப்பு, மீதிப் பணம் எதற்கு என்று வரையறுத்த ஏற்பாடு அது. ஐரோப்பாவில் கத்தோலிக்க பிரான்சின் மன்னன் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணை 1598-இல் வந்தது. 1685-இல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். நான்ட் ஆணைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது புக்கரின் கல்.

சமணர்-வைணவர் வழக்கு தீர்ந்த அதே நாட்டில் சைவ-வைணவக் கணக்கும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டியிருந்தது. 1530களின் தொடக்கத்தில் அச்சுத தேவராயர் காஞ்சியின் இரண்டு பெரிய கோயில்களுக்கும் கிராமங்களைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கச் சொன்னார். பொறுப்பிலிருந்த சாளுவ நாயக்கர் ஏகாம்பரநாதருக்குச் சற்று அதிகம் ஒதுக்கிவிட்டார். முறையீடு போனது. அரசர் திரும்பப் பங்கு போட்டுச் சமன் செய்தார். வரதராஜர் கோயில் கல்வெட்டில் இது பதிவாகியிருக்கிறது. பெரிய காஞ்சிக்கும் சின்ன காஞ்சிக்கும் மனத்தாங்கல் வந்தபோது, கல்லும் கம்பும் எடுப்பதற்கு முன்னால் போய்ச் சொல்ல ஓர் இடம் இருந்தது.

அடுத்த அதிகாரம் முகலாயர் காலம். 1688-இல் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே இறங்கியபோது, காஞ்சிக் கோயில்களின் உற்சவத் திருமேனிகளை இரவோடு இரவாக வெளியேற்றினார்கள். வரதரைப் பாடையில் வைத்து மூடி உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். ஆபத்து நீங்கிய பிறகு உடையார்பாளையத்து ஜமீன்தாருக்குத் திருப்பித் தர மனம் வரவில்லை. காஞ்சியில் அத்தான் ஜீயர் என்ற துறவி, ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் ஆட்சியில் படைத்தலைவராக இருந்த லாலா தோடர்மாலிடம் போய்க் கேட்டார். தோடர்மால் படையோடு தலையிட்டு 1710-இல் வரதரை மீட்டுக் காஞ்சிக்கு அனுப்பிவைத்தார். எந்த முகலாய ஆட்சிக்கு அஞ்சி வரதர் ஊரைவிட்டுப் போனாரோ, அதே ஆட்சியின் கீழிருந்த ஒரு முஸ்லிம் நவாபின் படைத்தலைவரே அவரை அழைத்து வந்தார். இடைவெளி இருபத்திரண்டே ஆண்டுகள். ஒரு சமயத்தாரை ஒரேயடியாக நண்பர் என்றோ பகைவர் என்றோ வரலாற்றில் எழுத முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று காஞ்சியில் கிடையாது. தாயார் சந்நிதிக்கு முன்னால் நிற்கும் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. திரும்பி வந்த நாளை வரதர் கோயிலில் இன்றும் உடையார்பாளையம் உற்சவமாகக் கொண்டாடுகிறார்கள்.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியிலும் இந்தப் போக்கு அறுபடவில்லை. 1790களில் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக இருந்த லயோனெல் பிளேஸ் காஞ்சிக் கோயில் திருவிழாக்களில் நேரடியாக அக்கறை காட்டியவர். வரதருக்கு நகையும் சாத்தியவர். மதுராந்தகம் ஏரி உடைந்துவிடும் என்று அஞ்சிய மழை இரவில் கரையின் மேல் வில்லேந்திய இருவரை அவர் கண்டதாகச் சொல்லும் கதை ஊரறிந்தது. கதையை நம்புவது அவரவர் பக்தி. ஆனால் ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணி பிளேஸ் துரையின் தர்மம் என்று சொல்லும் கல்வெட்டு கண்ணெதிரே இருக்கிறது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ராஜகுளத்துக்கோ மதுராந்தகத்துக்கோ, கரை நின்றதா என்பதுதான் கேள்வி. அதைக் காத்தவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்பது அதற்குப் பிறகுதான்.

இன்று காஞ்சியின் சாலைத் தெருப் பக்கம் போனால் சங்கர மடமும், அதையொட்டி ஒரு பள்ளிவாசலும், எதிரே பெரியார் சிலையும் தெரியும். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயர் தாங்கிய பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். சண்டையே இல்லை என்று சொல்வதற்கில்லை. வரதர் கோயிலுக்குள்ளேயே வடகலை, தென்கலை வழக்கு நூறாண்டுகளைத் தாண்டி நீதிமன்றப் படியேறி இறங்குகிறது. ஒரே பெருமாளை ஒரே ஆழ்வார் பாசுரங்களால் துதிக்கும் இரு தரப்பார் அவர்கள். வேற்றுச் சமயத்தாரோடு ஒத்துப்போவதைவிடச் சொந்தப் பங்காளியோடு ஒத்துப்போவது கடினம் என்று தோன்றுகிறது.

காஞ்சியின் சமரசத்தில் முழுமையாகத் தோற்றுப்போனவர்கள் பௌத்தர்கள். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1365-இல் ஜாவாவில் எழுதப்பட்ட நாகரகிருதாகமம், காஞ்சிபுரத்தில் வாழ்ந்த புத்தாதித்தியர் என்ற பிக்கு ஜாவா மன்னரைப் பாடியதாகக் குறிப்பிடுகிறது. பதினான்காம் நூற்றாண்டிலும் இங்கே விகாரம் இருந்தது, கடல் தாண்டித் தொடர்பும் இருந்தது என்பது அதிலிருந்து விளங்கும். பிறகு மெல்ல மெல்ல அந்த ஒலி அடங்கிவிட்டது. மான்யம் நின்றது, வணிகர்களின் ஆதரவு குறைந்தது, பிக்குகள் இல்லாமல் போனார்கள். சமணத்துக்குக் குடும்பமாக வாழ்ந்த நயினார் சமூகம் ஊர் ஊராக இருந்தது. வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் இன்றும் அவர்கள் உழுது வாழ்கிறார்கள். பௌத்தத்துக்கு இங்கே அப்படி ஒரு குடிபடை மிஞ்சவில்லை.

1915-இல் தொல்லியல் அறிஞர் டி. ஏ. கோபிநாத ராவ் காமாட்சியம்மன் கோயிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் நின்ற கோலத்தில் இருந்த, ஆள் உயரத்தைவிடப் பெரிய புத்தர் இப்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். கருக்கினில் அமர்ந்தாள் கோயிலில் வேறு சிலைகள் உள்ளன. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில் தமிழகமெங்கும் இப்படிச் சிதறிக் கிடப்பவற்றை ஊர் ஊராகத் தொகுத்தார். அந்தப் பட்டியல் முடிந்துவிடவில்லை. வயலில் ஏர் ஓட்டும்போதும், ஏரியில் மண் எடுக்கும்போதும் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆகவே காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ, ஆலமரத்தடியிலோ, பாழடைந்த கோயில் மூலையிலோ சம்மணமிட்டு அமர்ந்த சிலை ஒன்று இருந்தால், அது புத்தரா, தீர்த்தங்கரரா, முனீஸ்வரனா என்று சண்டை போட வேண்டாம். எண்ணெய் சாத்துகிறவர் சாத்தட்டும். ஒரு போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ எழுத்தில் தெரிவியுங்கள். எழுத்தில் கொடுங்கள், நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.